ஒரு மண்டலம் சைவ மட்டன்

இதை யாரையும் எச்சரிப்பதற்காக எழுதவில்லை. எச்சரிக்கையைக் காதில் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் பாக்கெட் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு எனக்கு நேர்ந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள். என் மனைவியின் தம்பி மோகன் சொல்லும் கதையில் எனக்கு வந்தது வெறும் சூடு. அந்தக் கதை நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

நான் பிறந்தது ஜொகூர் மாநிலத்தில் லாயாங் லாயாங் என்ற ஊர். இப்போது ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. செனாய் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோயிலுக்கு எந்த வருஷம் கும்பாபிஷேகம் ஆனது, எந்தத் தோட்டம் எப்போது ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. என்னிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், மைக் பிடிக்க வரச் சொல்வார்கள். ஸ்கூடாயிலிருந்து கூலாய் வரை தமிழர் வீட்டுக் கல்யாண விருந்தென்றால் பாதிக்கு நான்தான் அறிவிப்பாளன். தைப்பூசத்தன்று கோயிலில் தண்ணீர்ப் பந்தலை மறித்து நிறுத்திய காரை எடுக்கச் சொல்வதும், காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்வதும் என் குரல்தான். மோகனின் மகள் ஷாலினிக்குச் சீனப் புத்தாண்டு முடிந்து சில வாரத்தில் கூலாயில் கல்யாண விருந்து. அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்பே "மாமாதான் பேசணும்" என்று அவள் சொல்லிவிட்டாள். அறிவிப்பாளனுக்கு முன்பற்கள் எதற்கு என்பது அவை ஆட ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பல் இல்லாத இடத்தில் வார்த்தை நிற்காது, காற்றுதான் வரும்.

இனி விரதம். எங்கள் குடும்பத்தில் தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் கவுச்சி தொடமாட்டோம். தொடமாட்டோம் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு தனிப் பொருள் உண்டு. கூலாயில் மோகன் ஐஸில் உறையவைத்த உணவு விற்கும் கடை வைத்திருக்கிறான். விரதம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் அவன் வேன் எங்கள் வாசலில் நிற்கும். சைவ மட்டன், சைவக் கோழி, சைவ இறால், கடற்பாசியைத் தோலாக ஒட்டிய சைவ மீன் என்று உறைபெட்டி நிறையும். ஆட்டை விட்டுவிடுகிறவன் ஆட்டின் உருவத்தை விடமாட்டான். சோயா மாவையும் கோதுமைப் பசையையும் பிசைந்து, உப்பும் சீனியும் நிறமும் சேர்த்து, நார் நாராகக் கிழிந்து வரும்படி இயந்திரத்தில் பிழிந்து எடுத்ததை மசாலாவில் புரட்டித் தின்றுவிட்டு, முருகனுக்காக நாக்கை அடக்கியதாகச் சொல்லிக்கொள்வோம். பக்தியை நான் குறை சொல்லவில்லை. முருகன் இதைக் கேட்கவே இல்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

மற்ற வேளைகளும் இதே தரம்தான். காலையில் பசியாற வெள்ளை ரொட்டி, மேலே முட்டை சேர்க்காத காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம், பக்கத்தில் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்கிய கோப்பி. சாயங்காலம் அதே கோப்பியில் நனைத்த கிரீம் பிஸ்கட். சைவம் என்ற பெயரில் நடந்த அந்த மண்டலத்தில் ஒரு பயற்றங்காய்கூட எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. எதையும் கடிக்க வேண்டியதில்லை. எல்லாம் வாய்க்குள் போனதும் களியாகி, பற்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும்.

ஈறில் ரத்தம் வந்தது தீபாவளியிலிருந்து என்று என் மனைவி சரசு எல்லாரிடமும் சொல்கிறாள். தவறு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைக் கடித்தேன், அதன் வெள்ளையில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதன்பின் பல் துலக்கும்போதும் வந்தது. வலி இல்லை. வலிக்காத நோயை நம் ஆட்கள் நோயில் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டேன். வெள்ளரிக்காயையும் நிறுத்தினேன்.

விரதம் தொடங்கிய பிறகு ரத்தம் கூடியது. வாய் நாறியது. மோகன் வந்து பார்த்தான்.

"சூடு மச்சான். வெரதம் இருந்தா ஒடம்பு கொதிக்கும் லா. இத குடிங்க, அடங்கிரும்."

ஒரு பெட்டி நிறையச் செவ்வந்திப்பூத் தேநீர். காகித டப்பாவில் உறிஞ்சுகுழல் ஒட்டி வருமே, அது.

"இதுல சீனி எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"

"பூவுலேர்ந்து எடுக்கறது. பூவுல என்னா சீனி?"

இந்த நாட்டில் மூன்று இனமும் ஒத்துப்போகும் விஷயங்கள் குறைவு. அவற்றில் ஒன்று இந்தச் சூடு. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி பூசணித் தேநீர் சொன்னார். எதிர்வீட்டு மலாய்க்காரர் பார்லித் தண்ணீர் சொன்னார். உடம்பைக் குளிர்விக்க இவர்கள் சொன்ன அத்தனையும் கடையில் டப்பாவில் விற்கிறது, அத்தனையும் சீனிப்பாகு. நான் டப்பாவின் பின்னால் அச்சடித்திருந்ததை முழுவதும் படித்தேன். படித்துவிட்டு உறிஞ்சினேன். நாள் முழுக்க, வாய் உலரும்போதெல்லாம். வாய் ஏன் அத்தனை முறை உலர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் ஆளுக்கு ஆள் வைத்தியர், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை, தாடைக்கு அடியில் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. கீழ்வரிசை முன்பற்கள் நாக்கு பட்டாலே அசைந்தன. புதன்கிழமை காலை நாக்கு மேலே எழும்பி நின்றது. எச்சில் விழுங்க முடியவில்லை.

"என்னாங்க, வாயில பணியாரத்த வச்சுக்கிட்டு பேசற மாதிரி பேசறீங்க?" என்றாள் சரசு. பதில் சொல்ல முயன்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "கெளம்புங்க."

தாமான் கிளினிக் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், மூடினார், கடிதம் எழுதினார். ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்கு. அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் எதிரே ஓர் இயந்திரம் காசு வாங்கிக்கொண்டு இனிப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய் முற்றிக் காலில் கட்டுப்போட்டிருந்த ஒருவர் சக்கர நாற்காலியிலேயே அதன் அருகே போய் ஆரஞ்சு பானம் எடுத்துக் குடித்தார். மருத்துவமனைக்கு உள்ளேயே அதை வைத்தவனை நான் என்ன சொல்வது.

என்னைப் பார்த்த பல் டாக்டர் நூருல் என்ற இளம்பெண். மலாயில்தான் பேசினார், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், நாக்கத் தூக்குங்க. தூக்க முடியலயா? சரி. கடைசியா எப்ப பல் சுத்தம் பண்ணிக்கிட்டீங்க? டாக்டர்கிட்ட?"

எனக்குத் தேதி தெரியாத நிகழ்ச்சி என்று என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. இதற்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது நடக்கவே இல்லை.

அவர் கோபப்படவில்லை, விளக்கினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு எல்லாருக்கும் உண்டு. அங்கே உணவுப் பிசினும் கிருமியும் தங்கிக் காரையாக இறுகினால் ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகும், இடுக்கு பையாக ஆழமாகும். பையின் அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். எனக்கு அந்தப் பையில் சீழ் பிடித்து, அது வழி கண்டுபிடித்து நாக்குக்கு அடியில் இறங்கியிருந்தது. இன்னும் வீங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கும்.

"இன்னிக்கே கீறி எடுக்கணும்" என்றார்.

தலையைச் சுற்றி ஓர் இயந்திரம் நடந்து போய்த் தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்தது. அதில் என் பற்கள் நீண்ட வேர்களோடு வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி இருக்க வேண்டிய எலும்பு பாதிக்குமேல் இல்லை. ரத்தத்தில் மூன்று மாதச் சீனிச் சராசரி பார்த்தார்கள். எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, வெகு நாளாக இருந்திருக்கிறது. வாய் உலர்ந்ததன் காரணம் அதுதான். அதற்கு மருந்தாக நான் உறிஞ்சியது எது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

அறுவைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து, குழாய் வாய் வழியாகப் போகாவிட்டால் தொண்டையில் துளையிட வேண்டியிருக்கும் என்று அமைதியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். துளையிட்டால் குரல் போய்விடுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கும் நிலையில் வாய் இல்லை. சரசு என் பக்கத்தில் நின்று என் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு அதை அவ்வளவு கவனமாகத் துடைத்துப் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பயந்திருந்தேன். இதை அலங்காரமாக எழுதத் தெரியவில்லை. வெள்ளரிக்காயில் ஒட்டிய சிவப்பு ஒன்றுக்காகச் சாகப்போகிறேனே என்ற எரிச்சல்தான் பயத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது.

குழாய் ஒழுங்காகப் போனது. தாடைக்கு அடியில் கீறி, சீழ் வடிய ஒரு ரப்பர்ப் பட்டையைச் செருகிவைத்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. செலவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அரசாங்க மருத்துவமனை. பேருந்துக்கு ஆனதுதான் அதிகம் என்று சரசு சொன்னாள்.

வார்டில் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஈறு அழுகி, இனிப்பு நீரோடு படுத்திருப்பவனைப் பார்க்க வந்த எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் சத்து பானத் தூள் டின் கொண்டுவந்தார்கள். கிரீம் பிஸ்கட் கொண்டுவந்தார்கள். ஒருவர் சீனப் புத்தாண்டுக்கு வந்த அன்னாசி பிஸ்கட் புட்டியை அப்படியே கொண்டுவந்தார். "ஒடம்பு தேறணும்ல" என்றார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன மளிகைக் கடை உருவானது. வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், யாவாரம் நல்லாப் போகுதா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டுப் போனார்.

சரசு மட்டும் ஒன்றும் வாங்கவில்லை. முருங்கைக்கீரையையும் பருப்பையும் வேகவைத்து, அரைத்து, வடிகட்டிப் புட்டியில் கொண்டுவருவாள். ஸ்கூடாய் நெரிசலில் பேருந்து ஏறி வந்து, அது சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று மாடிப்படி ஏறி வருவாள், லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டாள். பேச ஆரம்பித்த அன்று நான் அவளிடம் முதலில் சொன்னது, "அந்த உறைபெட்டியக் காலி பண்ணு. இத்தன நாளு என்னத்த போட்ட எனக்கு" என்பது.

கரண்டியைப் புட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லாருக்கே. கீரை வச்சா மாட்டு தீவனமான்னு கேட்டது யாரு? மட்டன் எங்க மட்டன் எங்கன்னு சட்டியத் தொறந்து பாத்தது யாரு? பல்லு வெளக்காம பாதி வாய விட்டுட்டு, இப்ப என் சமையல் மேல பழியா?"

பக்கத்துக் கட்டில்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நியாயம் யார் பக்கம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டினார்.

"குடிங்க. ஆறிப்போவுது."

குடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மோகன் டாக்டர் நூருலிடம் நேராகக் கேட்டான். "டாக்டர், சைவ மட்டன் சாப்பிட்டதால வந்துச்சுன்னு மச்சான் சொல்றாரு. அப்படி உண்டா?"

"ஒரு சாப்பாட்டு மேல மட்டும் பழி போட முடியாது" என்றார் டாக்டர்.

"பாத்தீங்களா மச்சான்."

"இருங்க, நான் இன்னும் முடிக்கல." டாக்டர் ரப்பர்ப் பட்டையைச் சோதித்துக்கொண்டே பேசினார். "மெத்துமெத்துன்னு, மாவும் சீனியுமா இருக்கற சாப்பாடு பல்லோரத்துல ஒட்டிக்கும். கிருமிக்கு அதான் சோறு. கடிச்சு மெல்ற காய்கறி, பழம் கெடையாது. நாள் பூரா இனிப்புத் தண்ணி. அதோட இனிப்பு நீர். சீனி ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சீனி அடங்காது. ரத்தம் வர்ற எடத்ததான் மெதுவா, நல்லா வெளக்கணும். இவரு அத விட்டுட்டாரு. எல்லாம் சேந்துதான் அங்கிள்."

"அப்ப சூடு?"

"சூடுன்னு எங்க புத்தகத்துல இல்ல."

மோகன் புத்தகம் எழுதியவர்களுக்காக வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

தைப்பூசத்தன்று நான் இன்னும் வார்டில்தான் இருந்தேன். கோயிலில் மைக்கை மோகன் பிடித்தான் என்று அறிந்தேன். "காரை உடனடியாக எடுக்கவும்" என்று மூன்று முறை சொன்னானாம். என்ன கார், என்ன நிறம், எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லையாம். பல பேர் ஓடிப்போய்ப் பல கார்களை எடுத்திருக்கிறார்கள்.

வீடு திரும்பிய பின் வாரம் ஒருமுறை பல் பிரிவுக்குப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை இறங்கிக் காரையைச் சுரண்டினார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்குள் இறக்கி, பல் பல்லாக ஆழத்தைச் சொல்லுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நலம். என் கீழ்வரிசை முன்பற்களில் ஏழு, எட்டு, ஒன்பது என்று கேட்கும்போது சூதாட்டக் கடையில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். டப்பாத் தேநீர் நின்றது. கோப்பி கசப்பாக வந்தது. சரசு கேரட்டை நீளமாக நறுக்கி முன்னால் வைத்துவிட்டு, நான் மென்று முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டாள். காவல்காரி. எண்கள் இறங்க ஆரம்பித்தன. ஏழு ஐந்தானது, ஐந்து நான்கானது. இரண்டு பற்களைத் தவிர. நட்டநடுவே இருந்த இரண்டும் இறங்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வாரப் பரிசோதனையில் டாக்டர் நூருல் அந்த இரண்டையும் விரலால் அசைத்துப் பார்த்தார்.

"எடுத்துடணும் அங்கிள்."

"சனிக்கெழம எங்க வீட்டுக் கல்யாணம். நான் மேடையில பேசணும். அது முடிஞ்சு எடுக்கலாமா?"

"இன்னும் சீழ் வருது. மறுபடி கீழ எறங்கினா சனிக்கெழம மேடையில இருக்க மாட்டீங்க, இங்கதான் இருப்பீங்க."

"பொய்ப்பல்லு?"

"ஈறு ஆறணும். சனிக்கெழமைக்குள்ள ஆகாது."

நாற்காலியில் சாய்ந்தேன். எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. இழுக்கவில்லை, பிடுங்கவில்லை, கம்பத்திலிருந்து கொடியைக் கழற்றுவது போல வந்துவிட்டன. தட்டில் வைத்ததைப் பார்க்கக் கேட்டேன். இரண்டும் முழுசாக இருந்தன. ஓட்டை இல்லை, சொத்தை இல்லை, விளிம்பில் ஒரு சில்லுகூட உடையவில்லை. "நல்ல பல்லு" என்றார் உதவியாளர், அவரையறியாமல். ஆமாம். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் விழுந்த நல்ல பற்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று "மணமகன் சதீஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். பிரஷர் குக்கர் விசில் போலக் கேட்டது. மோகன் போன் செய்தான்.

"மச்சான், கஷ்டப்படாதீங்க. மண்டபத்துல ஒரு ஆளு இருக்கான். இங்கிலீசுல நல்லா பேசுவான்."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. "மாமா, ஷாலினி பேசறேன். எனக்கு அந்த ஆளு வேணாம். நீங்க பேசுங்க. எப்படி வருதோ அப்படி."

சரசு என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லவைத்தாள். விசில் வரும் வார்த்தைகளை மாற்றிக் கொடுத்தாள். மாற்ற முடியாத ஒன்று மாப்பிள்ளையின் பெயர்.

சனிக்கிழமை, கூலாய் மண்டபம் நிறைந்திருந்தது. மேசைக்கு மேசை புட்டிப் பானம். வறுத்து இனிப்புக் குழம்பில் முக்கியதும், உருண்டையாகப் பிடித்துப் பொரித்ததும் தட்டுத்தட்டாக வந்தன. உபயம் யார் கடை என்று சொல்ல வேண்டியதில்லை. மணமக்கள் கதவருகே வந்து நின்றார்கள். மைக்கைப் பிடித்தேன். தொடக்க வரிகள் ஒழுங்காகப் போயின. பிறகு, "மணமகன் சதீஸ்" என்றேன். ஒலிபெருக்கி அந்த விசிலை மண்டபத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோனது. முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. அதன் அம்மா சிரித்தாள். அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை, பிறகு எல்லாரும்.

ஷாலினி வாசலிலேயே நின்றுவிட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டு. சரசு எழுந்து நின்றாள்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். இது எனக்குப் பழகிய வேலை. எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"சிரிக்கறவங்க எல்லாருக்கும் பல்லு இருக்கு. இங்கேர்ந்து ரொம்ப நல்லாத் தெரியுது" என்றேன். "எத்தன நாளைக்குன்னுதான் தெரியல. மணமகன் சதீஸ், மணமகள் ஷாலினி, உள்ளே வாங்க."

இரண்டாவது விசிலுக்கு மண்டபம் முன்னைவிடப் பலமாகச் சிரித்தது. கைதட்டியது. ஷாலினி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். அந்தக் கூட்டத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, விரலால் தன் முன்பல்லை ஆட்டிப் பார்த்தபடியே சிரித்தவன் மோகன் ஒருவன்தான்.